மூட்டைப்பூச்சியும் முதலையும்: குழந்தைகளுக்கான ஆங்கில விளையாட்டுச் சொற்களின் வரலாறு



ஒவ்வொரு மொழிக்குள்ளும் இன்னொரு சிறிய மொழி மறைந்திருக்கிறது. அது குழந்தையின் முன்னால் மட்டுமே வெளிப்படும். ஆங்கிலம் பேசும் இல்லங்களில், தரையில் அமர்ந்திருக்கும் குழந்தையைத் தூக்கும்போது 'அப்சி-டெய்சி' என்பார்கள். முகத்தைக் கைகளால் மறைத்துத் திறக்கும்போது 'பீக்-அ-பூ' என்பார்கள். படுக்கையில் கிடத்தி விளக்கை அணைக்கும்போது 'ஸ்லீப் டைட்' என்று சொல்லி, மூட்டைப்பூச்சி கடிக்க விடாதே என்று சேர்த்துக்கொள்வார்கள். விடைபெறும்போது 'ஸீ யூ லேட்டர், அலிகேட்டர்' என்பார்கள். இவற்றைப் பள்ளியில் எவரும் கற்பிப்பதில்லை. தேர்வில் எவரும் கேட்பதுமில்லை. ஆயினும் பாட்டியின் வாயிலிருந்து தாயின் வாய்க்கும், தாயின் வாயிலிருந்து மகளின் வாய்க்கும் இவை பிசகாமல் வந்து சேர்கின்றன.

அறிஞர்கள் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. அரசர்களின் ஆணைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பதிந்து வைத்த உலகம், தொட்டிலருகே பேசப்பட்டதைப் பதிந்து வைக்கத் தோன்றாமல் விட்டது. எனவே இச்சொற்களின் வரலாற்றைத் தேடுபவர், தற்செயலாகத் தப்பிய சில காகிதங்களை நம்பியே நடக்கவேண்டியிருக்கிறது. அந்தக் காகிதங்களைப் புரட்டும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது முதற்கேள்வி. வளர்ந்த மனிதர், கற்றவர், பதவியிலிருப்பவர், ஒரு குழந்தைக்காகத் தம் நாவை ஏன் இவ்வளவு தாழ்த்திக்கொள்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விடை தேடிச் சென்றால் இரண்டாவதற்கும் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும்.

ஒரு குருவானவரின் சிறுமொழி

'அப்சி-டெய்சி' என்னும் சொல்லின் மூத்த வடிவங்களுள் ஒன்று, நாம் சற்றும் எதிர்பாராத ஒருவரின் எழுத்தில் கிடைக்கிறது. அவர் ஜோனத்தன் ஸ்விஃப்ட். 1726இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' நூலின் ஆசிரியர். அயர்லாந்துத் திருச்சபையின் குருவானவர். 1713இல் டப்ளின் நகரத்துப் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாகப் பொறுப்பேற்றவர். எழுத்தில் அவரைப்போல் கடுமையாகச் சாடியவர்கள் அக்காலத்தில் வெகு சிலரே.

1710 முதல் 1713 வரை திருச்சபையின் பணிக்காகவும் அரசியல் காரணங்களுக்காகவும் அவர் லண்டனில் தங்கியிருந்தார். பகலில் அமைச்சர்களோடு உணவருந்தினார். அரசாங்கத்துக்காகக் கட்டுரைகள் எழுதினார். காலையிலும் இரவிலும் டப்ளினிலிருந்த எஸ்தர் ஜான்சன் என்னும் பெண்மணிக்கும் அவருடைய தோழி ரெபேக்கா டிங்லிக்கும் கடிதம் எழுதினார். எஸ்தரை ஸ்விஃப்ட் முதன்முதலாகக் கண்டது சர்ரே மாவட்டத்தில், சர் வில்லியம் டெம்பிளின் மாளிகையில். அப்போது அவளுக்கு வயது எட்டு. அவளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பித்தவர் அவரே. பிற்காலத்தில் 'ஸ்டெல்லா' என்று அவர் அழைத்த அந்தப் பெண்ணுக்கு எழுதிய கடிதங்களில், சிறுபிள்ளையிடம் பேசும் பேச்சு இடையிடையே வந்து விழுகிறது. 'ர' வரவேண்டிய இடத்தில் 'ல' வரும். சொற்கள் மழலையாய்க் குழையும். அதைத் தங்களுடைய 'சிறுமொழி' என்றே அவர் குறிப்பிட்டார். அம்மொழியில் எழுதும்போது தம் வாய் தானாகவே அவ்வாறு குவிகிறது என்றும் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

1711ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், குளிர்ந்த காலையில் படுக்கையைவிட்டு எழ மனமில்லாமல், தம்மைத் தாமே எழுப்பிக்கொள்ளும்போது 'அப்-அ-டேஸி' என்று எழுதுகிறார். நாற்பதைக் கடந்த குருவானவர் தமக்குத் தாமே குழந்தையும் செவிலியும் ஆகிவிடுகிறார். அச்சொல்லை அவர் விளக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். படிப்பவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அப்படியானால் அச்சொல் அக்கடிதத்தைவிட மூத்தது. இன்று பலர் அதில் 'டெய்சி' என்னும் பூவைக் காண்கிறார்கள். பூவுக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை என்பதே சொல்லாய்வாளர்களின் கருத்து. குழந்தையைத் தூக்கும்போது சொல்லப்பட்ட 'அப்-அ-டே' என்னும் ஒலி நீண்டு 'டேஸி' ஆயிற்று. பிற்காலத்தார் அதற்குப் பூவின் வடிவம் கொடுத்தனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே ஸ்விஃப்ட் 1712இல் ஆங்கில மொழியைத் திருத்தி நிலைநிறுத்தவேண்டும் என்று ஒரு முன்மொழிவை அச்சிட்டு வெளியிட்டார். சொற்களை வெட்டியும் குறுக்கியும் பேசும் புதுப் பழக்கம் மொழியைக் கெடுக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஊருக்கு முன்னால் மொழியின் காவலராக நின்றவர், இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதே மொழியை மழலையாக உடைத்து எழுதிக்கொண்டிருந்தார். இதை இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாணயத்தைப்போல் ஊரெங்கும் செல்லவேண்டிய சொல் வேறு. ஓர் உயிரின் கையில் மட்டும் வைக்கப்படும் சொல் வேறு. இரண்டுக்கும் ஒரே சட்டம் பொருந்தாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கொள்ளலாம்.

ஆனால் பின்வந்த பதிப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1766இலும் 1768இலும் அக்கடிதங்கள் அச்சேறியபோது மழலைப் பகுதிகள் பல நீக்கப்பட்டன, சில செம்மைப்படுத்தப்பட்டன. பெரிய மனிதரின் பெயருக்கு அவை இழுக்கு என்று அவர்கள் எண்ணியிருக்கவேண்டும். மூலக் கடிதங்களுள் ஒரு பகுதி தப்பியதால்தான் இன்று அச்சிறுமொழியை நாம் அறிகிறோம். எஞ்சியவை தொலைந்துவிட்டன. குழந்தைச் சொல்லின் வரலாறு ஏன் இவ்வளவு இடைவெளியோடு கிடக்கிறது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

மறைதலும் தோன்றுதலும்

முகத்தை மறைத்துக் காட்டும் விளையாட்டு இன்னும் பழையது. 'பீக்-அ-பூ' என்னும் இன்றைய வடிவத்துக்கு முன்னால் 'போ-பீப்' என்னும் வடிவம் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் கோமாளி இச்சொல்லைக் கையாளுகிறான்: அரியணையில் இருக்கவேண்டிய அரசன் போ-பீப் ஆடும் குழந்தையாகிவிட்டானே என்பது அவன் புலம்பல். அதற்கும் முன்னர், ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பாளரான வில்லியம் டின்டேல், 1528இல் வெளியிட்ட நூலொன்றில், தம்மை எதிர்த்தோர் தரப்பு ஆயர் ஒருவர் வேதவசனத்தோடு போ-பீப் ஆடுகிறார் என்று சாடினார். ஒரு வசனத்தைக் காட்டுவதும் உடனே மறைப்பதுமாக இருப்பவரைக் குத்திக்காட்ட, தொட்டிலருகே கேட்ட சொல் அவருக்கு உதவிற்று. மறுமொழி எழுதும் அவசரத்தில் அவர் அதைப் பயன்படுத்தியதால், பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்று நாம் அறிகிறோம்.

கை தட்டிப் பாடும் 'பாட்-அ-கேக்' என்னும் விளையாட்டும் இவ்வாறே ஒரு பூசலின் ஓரத்தில் பதிவாயிற்று. 1698இல் ஜெரமி காலியர் என்னும் குருவானவர், ஆங்கில நாடக மேடை ஒழுக்கக்கேடானது என்று ஒரு நூலெழுதித் தாக்கினார். அதே ஆண்டில் தாமஸ் டர்ஃபி என்னும் நாடகாசிரியர் தம் புதிய நாடகத்தின் முன்னுரையில் அவருக்கு மறுமொழி கொடுத்தார். அந்த நாடகத்தில் ஒரு செவிலி, தன் கையிலுள்ள குழந்தையைக் கொஞ்சும்போது அச்சொற்களைச் சொல்கிறாள். குருவானவரும் நாடகாசிரியரும் நடத்திய வாதத்தை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே படிக்கிறார்கள். செவிலியின் சொற்களோ இன்றும் கோடிக்கணக்கான வீடுகளில் ஒலிக்கின்றன.

முகம் மறைக்கும் விளையாட்டுக்கு ஏன் இத்தனை ஆயுள்? ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜான் பியாஜே இருபதாம் நூற்றாண்டில் தம் சொந்தப் பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கி ஒன்றைச் சொன்னார். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதைக் குழந்தை பிறவியிலேயே அறிந்திருப்பதில்லை; ஏறத்தாழ எட்டு மாதத்துக்குப் பிறகே மறைந்த பொருளைத் தேடத் தொடங்குகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் அந்த வயதைப்பற்றி மாறுபட்ட கருத்துச் சொன்னாலும், அறிவு படிப்படியாக வருகிறது என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் 'பீக்-அ-பூ' ஆடும் தாய் ஒரு பாடத்தையே நடத்துகிறாள். முகம் மறைகிறது, ஆனால் திரும்பி வருகிறது. மறைந்தவர் கைவிட்டவர் அல்லர். இந்தப் பாடம் பெரியவர்களுக்கும் சில இரவுகளில் தேவைப்படுகிறது.

உறங்கும் நேரத்துச் சொல்

'ஸ்லீப் டைட்' என்பதற்கு மிகவும் பரவிய ஒரு விளக்கம் உண்டு. முற்காலத்துக் கட்டில்களில் சட்டத்தின் குறுக்கே கயிறு பின்னியிருப்பார்கள்; நாளடைவில் கயிறு தளரும்; அதற்கென்று வைத்திருந்த மரத் திருகால் முறுக்கி இறுக்குவார்கள்; இறுக்கிய கட்டிலில் நன்றாக உறங்கலாம்; எனவே 'இறுக உறங்கு' என்றார்கள் என்பது அவ்விளக்கம். பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் இதை விருப்பத்தோடு சொல்வார்கள். கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பழகிய நமக்கும் இது உடனே பொருத்தமாகத் தோன்றும்.

கயிற்றுக் கட்டில் உண்மை, திருகும் உண்மை. ஆனால் அவற்றுக்கும் சொல்லுக்குமான உறவுக்குச் சான்றில்லை. கயிற்றுக் கட்டில்கள் பல நூற்றாண்டுகள் புழங்கின. அச்சொல்லோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அமெரிக்காவின் ஃப்ளாரிடாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 1866ஆம் ஆண்டு நாட்குறிப்பில் தம் குறிப்பேட்டையே குழந்தைபோல் பாவித்து அதனிடம் 'ஸ்லீப் டைட்' என்று சொல்லி விடைபெறுகிறார். கட்டிலைப்பற்றிய பேச்சு அங்கே இல்லை. 'டைட்' என்னும் சொல்லுக்கு அக்கால வழக்கில் உறுதியாக, இடைவெளியின்றி, செவ்வையாக என்னும் பொருள்கள் இருந்தன. கண்ணை இறுக மூடு என்கிறோமே, அதுபோல. ஆழ்ந்து உறங்கு என்பதே அதன் நேர்ப்பொருள். 'நைட்' என்னும் சொல்லோடு அது எதுகையாய் இசைந்தது. நாவுக்கு வேறென்ன வேண்டும்?

மூட்டைப்பூச்சியோ வெறும் எதுகைக்காக வந்ததன்று. 1730இலேயே லண்டனில் ஜான் சவுத்தால் என்பவர் மூட்டைப்பூச்சியைப்பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். அதை ஒழிக்கும் மருந்தை விற்பதும் அவருடைய தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகரங்களில் ஏழையின் பாயிலும் செல்வரின் மெத்தையிலும் அது இருந்தது. 1880களின் அமெரிக்கக் கதைகளில், கடிக்கும் பூச்சியைச் சேர்த்த இரவு வாழ்த்து அச்சாகத் தொடங்குகிறது. இரவில் உண்மையாகவே கடித்த ஒன்றைப் பெற்றோர் பாட்டாக்கினர். பாட்டாக்கியபோது அச்சம் சிரிப்பாயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டிடிடி மருந்தால் மேலைநாடுகளில் மூட்டைப்பூச்சி அருகிப்போனது. அதைக் கண்ணால் காணாத தலைமுறைகளும் அச்சொல்லை விடாமல் சொல்லிவந்தன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூச்சி திரும்பி வந்தபோது, சொல் அதற்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது.

இவ்விடத்தில் வேதாகம மொழிபெயர்ப்பு வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை நினைவுகூரலாம். மூட்டைப்பூச்சிக்கு வழங்கும் 'பக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முன்பு வேறொரு பொருள் இருந்தது. இருளில் அச்சுறுத்தும் பேய், பூதம் என்பது அப்பொருள். 1535இல் மைல்ஸ் கவர்டேல் முழு வேதாகமத்தையும் ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, சங்கீதம் 91:5இல், நம் வேதாகமம் இரவின் பயங்கரம் என்று சொல்லும் இடத்தில், 'பக்' என்னும் அச்சொல்லையே இட்டார். அதனால் அப்பதிப்புக்குப் பின்னாளில் 'பக் பைபிள்' என்னும் வேடிக்கைப் பெயர் வந்தது. பூச்சியைக் குறிக்கும் வழக்கு பதினேழாம் நூற்றாண்டில்தான் பரவுகிறது. எனவே சங்கீதத்திலிருந்து தாலாட்டு வந்தது என்று எவரும் சொல்லக்கூடாது, அது பொய்யாகும். ஆனால் இரண்டும் ஒரே வேளைக்கு உரியவை. விளக்கு அணைந்தபின் வரும் அச்சத்தை, ஒன்று விசுவாசத்தாலும் மற்றொன்று விளையாட்டாலும் சந்திக்கிறது.

அழகிய பொய்களைப்பற்றி

கயிற்றுக் கட்டில் கதையைப்போல் இன்னும் பல உண்டு. 'ரிங் அ ரிங் அ ரோசஸ்' என்று குழந்தைகள் கைகோத்துச் சுற்றி, இறுதியில் விழும் விளையாட்டை நாம் அறிவோம். அது 1665ஆம் ஆண்டில் லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோயின் நினைவு என்று சொல்வார்கள். வட்டம் தோலில் தோன்றிய தடிப்பு, விழுதல் மரணம் என்பார்கள். ஆங்கிலத்தில் அப்பாட்டு அச்சேறியது கேட் கிரீனவே 1881இல் வெளியிட்ட நூலில். கொள்ளைநோய்க் காலத்து நாட்குறிப்புகளில் அதன் சுவடில்லை. நோயோடு இணைக்கும் விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலாயிற்று. பேசாத குழந்தையிடம் 'பூனை உன் நாக்கைக் கொண்டுபோயிற்றா?' என்று கேட்கும் வழக்கைக் கப்பற்படையின் சவுக்கோடு இணைப்பவர்களும் உண்டு. அதற்கும் ஆதாரமில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி அமெரிக்க அச்சில் வெறும் விளையாட்டுக் கேள்வியாகவே அது காணப்படுகிறது.

இத்தகைய கதைகளைப் பொறுமையாகச் சோதித்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதியர். 1944இல் வயலோரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பொறிவண்டு கையில் வந்தமர, பழக்கத்தின் காரணமாகப் பொறிவண்டுப் பாட்டைச் சொன்னார்கள். பிறகு, இது எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வி அவர்களுடைய வாழ்நாள் பணியாயிற்று. ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1951இல் குழந்தைப் பாடல்களின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வெளிவந்தது. 1959இல் பள்ளிச் சிறுவர்களின் மரபையும் மொழியையும்பற்றிய நூல் வந்தது. அவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். ஆயினும் ஒவ்வொரு சொல்லும் முதன்முதலாக எந்த ஆண்டில், எந்தத் தாளில் காணப்படுகிறது என்பதைத் தேடி, அதற்குமேல் ஓரடியும் எடுத்துவைக்காத நேர்மை அவர்களிடம் இருந்தது.

பிரசங்கம் செய்வோரும் ஞாயிறு பள்ளி நடத்துவோரும் இந்த நேர்மையைக் கற்றுக்கொள்ளவேண்டும். ஒரு கதை அழகாக இருப்பதும், கேட்போர் தலையசைப்பதும், அது உண்மை என்பதற்கு அடையாளம் ஆகா. சத்தியத்தைப்பற்றிப் பேசுகிறவன் அதற்கு எடுத்துக்காட்டாகச் சரிபார்க்காத கதையை நீட்டினால், அக்கதை பொய்யென்று ஒருநாள் அறிந்துகொள்ளும் பிள்ளை, அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்டதையும் சந்தேகிக்கும்.

விடைபெறும் முதலை

எல்லாச் சொற்களும் மூத்தவை அல்ல. 'ஸீ யூ லேட்டர், அலிகேட்டர்' என்று சொன்னால், 'இன் அ வைல், குரோக்கடைல்' என்று குழந்தை பதில் சொல்லவேண்டும். நமக்கு இரண்டும் முதலைதான். ஆங்கிலத்தில் அவை இருவேறு இனங்கள், இருவேறு எதுகைகள். 1955இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஆபிவில் ஊரைச் சேர்ந்த பாபி சார்ல்ஸ் என்னும் இளைஞர் இச்சொல்லை வைத்துப் பாட்டு எழுதிப் பதிவுசெய்தார். அதே ஆண்டு டிசம்பரில் பில் ஹேலியும் அவருடைய குழுவினரும் அதைப் பாடிப் பதிவுசெய்தனர். 1956இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது புகழ்பெற்றது. 1930களின் இசையுலகக் கொச்சையில், நடன இசையின் இரசிகருக்கே 'அலிகேட்டர்' என்னும் பெயர் வழங்கியிருந்தது.

அன்று அப்பாட்டைப் பெற்றோர் பலர் வெறுத்தனர். இளைஞர்களைக் கெடுக்கும் இசை என்றனர். அந்த இளைஞர்கள் பெற்றோரானார்கள். பின்பு தாத்தாவும் பாட்டியும் ஆனார்கள். அவர்கள் நடனமாடிய சொல், பேரப்பிள்ளைக்குக் கையசைக்கும் சொல்லாக மாறிற்று. ஒரு தலைமுறையின் அடங்காமை அடுத்த தலைமுறையின் தாலாட்டாவதை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது.

'பை-பை' என்பதன் வரலாறு இதற்கு நேரெதிரானது. 'தேவன் உங்களோடு இருப்பாராக' என்னும் முழு வாழ்த்து, பதினாறாம் நூற்றாண்டில் பலவாறு சுருங்கி எழுதப்பட்டு, 'குட் டே', 'குட் நைட்' ஆகியவற்றின் சாயலை ஏற்று, 'குட்பை' ஆயிற்று. அதன் கடைசி அசையைக் குழந்தைக்காக இரட்டித்தபோது 'பை-பை' கிடைத்தது. அதே ஓசை தாலாட்டிலும் பழமையானது. 1534இல் எழுத்தில் திருத்தி வைக்கப்பட்ட கவன்ட்ரி நகரத்து நாடகத்தில், ஏரோதின் வாளுக்குப் பயந்து பெத்லகேமின் தாய்மார் தங்கள் குழந்தைகளை உறங்கவைக்கும் பாட்டில் அவ்வோசை வருகிறது. ஆகவே தாயின் தோளிலிருந்து கையசைக்கும் குழந்தை, அறியாமலேயே ஒரு பழைய ஆசீர்வாதத்தின் மிச்சத்தையும் ஒரு பழைய தாலாட்டின் ஓசையையும் ஒருங்கே உச்சரிக்கிறது.

மறுத்தவர்கள்

குழந்தைப் பேச்சை எல்லாரும் வரவேற்கவில்லை. ஏறத்தாழ 1400இல் ஜான் மெர்க் என்னும் ஆங்கிலத் துறவி தம் பிரசங்கத் தொகுப்பில் ஒரு பழமொழியைப் பதிந்தார்: கன்னிப்பெண் கண்ணில் படலாம், அவள் குரல் காதில் விழலாகாது என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் அது குழந்தைகளுக்குத் திருப்பப்பட்டு, விக்டோரியா அரசியின் காலத்து வீடுகளில் சட்டமாக நின்றது. 1928இல் அமெரிக்க உளவியலறிஞர் ஜான் வாட்சன், குழந்தையை அணைக்கவோ முத்தமிடவோ மடியில் வைக்கவோ வேண்டாம். காலையில் கைகுலுக்குங்கள் என்று பெற்றோருக்கு எழுதினார். அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டதால் பலர் நம்பினர்.

ஆய்வுகள் வேறு திசையில் சென்றன. 1964இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் என்னும் மொழியறிஞர் ஆங்கிலம், ஸ்பானியம், அரபு, மராத்தி உள்ளிட்ட ஆறு மொழிகளில் குழந்தைகளிடம் பேசப்படும் பேச்சை ஒப்பிட்டார். அம்மொழிகள் எல்லாவற்றிலும் எளிய ஒலிகள், இரட்டித்த அசைகள், ஏறியிறங்கும் குரல் என்று ஒரே தன்மைகள் காணப்பட்டன. 1985இல் ஆன் ஃபெர்னால்ட் செய்த ஆய்வில், நான்கு மாதக் குழந்தைகள் பெரியவர்களிடம் பேசும் பேச்சைவிடக் குழந்தைகளிடம் பேசும் பேச்சைக் கேட்கவே மிகுதியும் விரும்பின. எல்லாச் சமுதாயங்களும் இவ்வாறு பேசுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பப்புவா நியூ கினியின் கலூலி மக்கள், சமோவா மக்கள் ஆகியோரிடையே குழந்தைக்கென்று பேச்சை எளிமையாக்கும் வழக்கம் இல்லை என்று ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். அங்கும் குழந்தைகள் நன்றாகவே பேசக் கற்கின்றன. ஆகவே மழலை பேசினால்தான் பிள்ளை மொழி கற்கும் என்பதில்லை. பயனுக்காக மட்டும் பெற்றோர் அதைப் பேசுவதுமில்லை.

தாழ்ந்து வரும் நாவு

பின் எதற்காக? ஏறத்தாழ 400ஆம் ஆண்டில், கார்த்தேஜ் நகரத்து உதவிக்குருவாகிய தியோகிராத்தியாஸ் தம் சோர்வைக்குறித்து அகுஸ்தீனுக்கு எழுதினார். புதிதாக வருவோருக்கு விசுவாசத்தின் அரிச்சுவடியையே மீண்டும் மீண்டும் சொல்லிச் சலித்துப்போயிற்று என்பது அவர் குறை. அதற்கு அகுஸ்தீன் எழுதிய பதில் ஒரு சிறு நூலாயிற்று. அதில் அவர் பெற்றோரைக் காட்டுகிறார். முறிந்த, குறைந்த சொற்களைக் குழந்தையின் காதில் முணுமுணுப்பதில் தனியே என்ன இன்பம் இருக்கிறது? அன்பு அழைக்காவிட்டால் எவரும் அதைச் செய்யார். இருந்தும் மனிதர் அவ்வாறு பேசுவதற்கு ஒரு குழந்தை வேண்டும் என்று ஏங்குகிறார்கள். தாய்க்குத் தான் பெரிய கவளங்களை உண்பதைவிட, சிறு துண்டுகளை மென்று பிள்ளைக்கு ஊட்டுவதே இனிக்கிறது என்கிறார்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜான் கால்வின் அதே உவமையை மேலே உயர்த்தினார். செவிலியர் குழந்தைகளிடம் மழலை பேசுவதுபோல், தேவனும் நம்முடைய சிற்றறிவுக்கு ஏற்பத் தாழ்ந்து மழலையாய்ப் பேசுகிறார் என்று தம் பெருநூலில் எழுதினார். வேதாகமத்தில் தேவனுக்குக் கண்ணும் கையும் சொல்லப்படுவது ஏன் என்னும் கேள்விக்கு அவர் தந்த விளக்கம் அது.

ஆனால் இந்தத் தாழ்ச்சிக்கு ஒரு போலியும் உண்டு. ஏசாயா 28ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியின் எதிராளிகள், பால்மறந்த பிள்ளைகளுக்கா இவன் போதிக்கிறான் என்று ஏளனம் செய்கிறார்கள். அங்கே எபிரெயத்தில் வரும் குறுகிய, இரட்டித்த ஒலிகள் மழலையைப் பழிக்கும் ஓசை என்று உரையாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர். அதே மழலை, வளர்ந்தவனிடம் திருப்பப்பட்டால் அவமதிப்பாகிறது. இன்றும் நோயுற்ற முதியவரிடமும், நம் மொழி நன்கு அறியாத தொழிலாளியிடமும் சிலர் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். குனிந்தவனின் பேச்சு கேட்பவனைத் தூக்கும்; மேலே நின்றவாறே பேசுவது அவனை இன்னும் கீழே அழுத்தும். சொற்கள் ஒன்றே, பேசுபவர் நிற்கும் இடமே வேறு.

'அப்சி-டெய்சி' முதலிய சொற்களுக்கு அகராதியில் பெரிய பொருள் இல்லை. அவற்றைச் சொன்னவர்களுள் பெரும்பாலோர் பெயரற்ற செவிலியரும் தாய்மாரும் ஆவர். அவர்கள் எந்தக் கோட்பாட்டையும் எழுதவில்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்த உடலோடு, மூட்டைப்பூச்சி உள்ள படுக்கையில் பிள்ளையைக் கிடத்தி, அச்சத்தைச் சிரிப்பாக மாற்றினார்கள். இவ்வாரத்தில் நம்மைவிடச் சிறியவர் ஒருவர் நம் முன் வருவார். அது பிள்ளையாகவோ, நேற்று விசுவாசத்துக்குள் வந்தவராகவோ இருக்கலாம். அவருக்காக நாம் எத்தனை தூரம் குனிவோம்? குனியும்போது அவருக்குச் சொல்வது உண்மையாகவும் இருக்குமா? இவ்விரு கேள்விகளோடு இவ்வாரத்தைத் தொடங்குவோம்.